பழ வாசனை வீசும் ஸ்பானிஷ் சிவப்பு ஒயின்: கர்னாச்சாவைச் சுவைப்பதும் சாப்பாட்டோடு சேர்ப்பதும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஸ்பெயினின் சிவப்பு ஒயின் என்றதும் பலருக்கு ரியோகா நினைவுக்கு வரும். பீப்பாயில் வருடக்கணக்கில் கிடந்து வனிலா வாசத்தோடு வருகிற ஒயின் அது. இந்தப் பக்கம் அதன் அண்டை வீட்டுக்காரரைப் பற்றியது. வடகிழக்கு ஸ்பெயினில் உள்ள அரகோன் பகுதியில் கர்னாச்சா என்ற திராட்சை விளைகிறது. பீப்பாயில் அதிகம் கிடக்காமல் இளசாகவே பாட்டிலுக்கு வரும் அதன் ஒயின், விலை குறைவு என்பதாலேயே இளப்பமாகப் பார்க்கப்படுகிறது. வெதுவெதுப்பாக ஊற்றி, வெறும் வயிற்றில் குடித்துவிட்டு, "காட்டமாக இருக்கிறது, அவ்வளவுதான்" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அது அந்த ஒயினின் குற்றம் இல்லை. கொஞ்சம் குளிர்வித்து, சரியான தட்டின் பக்கத்தில் வைத்தால் இதைவிடச் சந்தோஷமான ஒயின் குறைவு. என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கர்னாச்சா என்பது என்ன? பிரான்சின் கிரெனாஷும் இதுவும் ஒன்றா?

ஒன்றுதான். ஸ்பெயினில் கர்னாச்சா, பிரான்சில் கிரெனாஷ், இத்தாலியின் சார்டீனியா தீவில் கன்னொனாவு. பிறந்த ஊர் அரகோன் என்பதே பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. சார்டீனியாக்காரர்கள் மட்டும் தங்களுடையது என்று உரிமை கொண்டாடுவார்கள்.

மெல்லிய தோலும் நிறைய சர்க்கரையும் உள்ள திராட்சை இது. சீக்கிரம் துளிர்க்கும், தாமதமாகத்தான் பழுக்கும். ஒயினின் குணம் முழுக்க இதிலிருந்தே வருகிறது. தோல் மெல்லியதாக இருப்பதால் நிறமும் துவர்ப்பும் குறைவு. சர்க்கரை அதிகமாக இருப்பதால் ஆல்கஹால் அதிகம்: பெரும்பாலும் 14 சதவீதத்தை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும், 15ஐத் தொடுவதும் உண்டு. ஸ்ட்ராபெர்ரி, ராஸ்பெர்ரி, சிவப்புச் செர்ரி வாசம் முன்னால் நிற்கும். அதன் பின்னால் கொஞ்சம் வெள்ளை மிளகு, கொஞ்சம் அதிமதுரம், வெயிலில் காய்ந்த தைம் இலை.

பழ வாசனை என்றால் இனிப்பாக இருக்குமா?

இருக்காது. எல்லாரும் தடுக்கி விழும் இடம் இதுதான். திராட்சையில் இருந்த சர்க்கரை நொதிக்கும்போது ஆல்கஹாலாக மாறிவிடுகிறது. மிஞ்சுவது பெரும்பாலும் லிட்டருக்கு 4 கிராமுக்கும் கீழே. ஆனால் ஸ்ட்ராபெர்ரி வாசம் மூக்கில் பட்டதும் மூளை இனிப்பை எதிர்பார்த்துவிடுகிறது. ஆல்கஹாலுக்கும் லேசான இனிப்புச் சாயல் உண்டு என்பதால் குழப்பம் கூடுகிறது.

ஒரு சின்னப் பரிசோதனை செய்து பாருங்கள். மூக்கை விரலால் அடைத்துக்கொண்டு ஒரு வாய் குடியுங்கள். சர்க்கரை இருந்தால் மூக்கு அடைத்திருந்தாலும் நாக்குக்கு அது தெரியும். இந்த ஒயினில் புளிப்பும் லேசான துவர்ப்பும் சூடும் மட்டும்தான் தெரியும். விரலை எடுத்த அடுத்த நொடி பழ வாசம் திரும்பி வந்து நிற்கும். அப்போது புரியும், நாம் 'பழச்சுவை' என்று சொன்னதில் பெரும்பகுதி மூக்கின் வேலை என்று.

ஸ்ட்ராபெர்ரி, செர்ரி எல்லாம் சேர்க்கிறார்களா?

இல்லை. திராட்சை மட்டும்தான். ஈஸ்ட் சர்க்கரையைச் சாப்பிடும்போது ஆல்கஹாலோடு எஸ்டர் எனப்படும் வாசனைப் பொருட்களையும் உண்டாக்குகிறது. பழங்களில் இயற்கையாக இருக்கும் வாசனைகளில் பலவும் இதே வகைப் பொருட்கள்தான். எனவே ராஸ்பெர்ரி வாசம் அடிக்கிறது என்பது கற்பனை இல்லை. மூக்கு உள்ளதைத்தான் சொல்கிறது.

ஏன் அரகோனைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்? வேறு ஊரில் கர்னாச்சா இல்லையா?

நிறைய ஊர்களில் உண்டு. மாட்ரிட்டுக்கு மேற்கே கிரெடோஸ் மலையின் கருங்கல் மண்ணில் விளைவது வெளிறிய நிறத்தோடும் பூ வாசத்தோடும் இருக்கும். கத்தலோனியாவின் பிரியோராத்தில் கரும் பலகைக்கல் மண்ணில் விளைவது கனத்துக் கறுத்திருக்கும். விலையும் மேலே நிற்கும். பழம் முன்னால் நிற்கிற, வாரநாள் இரவில் யோசிக்காமல் திறக்கக்கூடிய கர்னாச்சா வேண்டுமென்றால் நான் அரகோனுக்குத்தான் போவேன்.

அங்கே மூன்று பெயர்களை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்: காம்போ தே போர்ஹா, கலத்தாயுத், கரின்யேனா. கரின்யேனா 1932லேயே அதிகாரப்பூர்வ ஒயின் பகுதியாக அங்கீகாரம் பெற்றது; ஸ்பெயினின் மிகப் பழைய பகுதிகளில் ஒன்று. கரின்யேனா என்ற பெயரிலேயே ஒரு திராட்சை உண்டு, அதற்கு இந்த ஊர்ப்பெயர்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஊரில் அதிகம் பயிராவது அதுவல்ல, கர்னாச்சாதான்! கலத்தாயுத்தில் கொடிகள் உயரமான சரிவுகளில் நிற்கின்றன. பகலில் சுள்ளென்று வெயில், இரவில் குளிர். அந்தக் குளிர்தான் புளிப்பைக் காப்பாற்றிக் கொடுக்கிறது. போர்ஹா என்ற பெயர் எங்கோ கேட்டதுபோல் இருக்கிறதா? 2012இல் ஒரு மூதாட்டி தேவாலயச் சுவரில் இருந்த இயேசு ஓவியத்தைச் சீராக்கப் போய் உலகம் முழுக்கச் செய்தியானாரே, அதே ஊர்தான்.

அப்புறம் காற்று. எப்ரோ நதிப் பள்ளத்தாக்கில் வடமேற்கிலிருந்து ஒரு குளிர்ந்த வறண்ட காற்று அடிக்கும். பெயர் தியெர்ஸோ. பேச வாயைத் திறந்தால் வாயை நிரப்பிவிடும், ஆயுதம் ஏந்திய ஆளையும் பாரம் ஏற்றிய வண்டியையும் சாய்த்துவிடும் என்று கிறிஸ்துவுக்கு முன்பே ரோமானியரான கேட்டோ இதைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். இந்தக் காற்று கொடியை உலர்வாக வைத்திருப்பதால் பூஞ்சை நோய் அண்டுவது குறைவு. கர்னாச்சாவின் தண்டு உறுதியானது. கம்பியும் பந்தலும் இல்லாமல், இடுப்பளவு உயரப் புதராகவே தரையில் நின்று காற்றைத் தாங்கும். பழைய தோட்டங்களைப் பார்த்தால் முறுக்கேறிய கரிய குட்டை மரங்கள் வரிசையாக நிற்பதுபோல் இருக்கும்.

இவ்வளவு இருந்தும் இந்தக் கொடிகளை மதிக்காத காலம் ஒன்று இருந்தது. ஒருகாலத்தில் ஸ்பெயினில் அதிகம் பயிரான சிவப்புத் திராட்சை கர்னாச்சா. பிறகு டெம்ப்ரானில்லோ என்ற இன்னொரு சிவப்புத் திராட்சையின் மோகம் வந்தது. வயதான கர்னாச்சாக் கொடிகள் ஏராளமாகப் பிடுங்கி எறியப்பட்டன. தப்பித்து நின்ற கொடிகளின் ஒயினுக்குத்தான் இன்று 'வின்யாஸ் வியெஹாஸ்', அதாவது பழங்கொடி என்று லேபிளில் பெருமையாகப் போட்டுக்கொள்கிறார்கள்.

கடையில் லேபிளைப் பார்த்து எப்படித் தேர்ந்தெடுப்பது?

முதலில் கர்னாச்சா என்ற பெயர், அடுத்து நான் மேலே சொன்ன மூன்று ஊர்களில் ஒன்று. பிறகு வயதைச் சொல்லும் சொல்லைப் பாருங்கள். 'ஹோவென்' என்றால் இளையது. பீப்பாய் பார்க்காதது அல்லது கொஞ்சமே பார்த்தது. 'ரோப்ளே' என்றால் சில மாதம் ஓக் பீப்பாயில் இருந்தது. 'கிரியான்ஸா' என்றால் குறைந்தது 24 மாதம் முதிர்ந்தது, அதில் 6 மாதமாவது பீப்பாயில். ரியோகாவில் அது 12 மாதம். 'ரெஸெர்வா' என்றால் 36 மாதம், 'கிரான் ரெஸெர்வா' என்றால் 60 மாதம்.

இந்த வரிசையை நல்லது, மிக நல்லது, மிக மிக நல்லது என்று படித்துவிடாதீர்கள். அது எவ்வளவு காலம் முதிர்ந்தது என்பதை மட்டுமே சொல்கிறது. பழ வாசனைதான் வேண்டுமென்றால் ஹோவென் பக்கம் நில்லுங்கள். அறுவடை ஆண்டு இரண்டு மூன்று வருடத்துக்குள் இருக்கட்டும். போர்ஹாவின் போர்ஸாவோ கூட்டுறவு ஆலையின் ஒயின்கள் பல நாடுகளில் கிடைக்கின்றன. தொடங்குவதற்கு நல்ல இடம்.

வாங்கும்போது பாட்டில் எங்கே நிற்கிறது என்றும் பாருங்கள். கண்ணாடி ஜன்னலை ஒட்டி, மாலை வெயில் படும் அடுக்கில் நின்ற ஒரு பாட்டிலை ஆசைப்பட்டு வாங்கி வந்தேன். திறந்தால் ராஸ்பெர்ரி இல்லை, வெல்லப்பாகில் வேகவைத்த உலர்திராட்சை வாசம்தான். கர்னாச்சா காற்றுக்கும் சூட்டுக்கும் சீக்கிரம் தளர்ந்துபோகும் ரகம். அன்றிலிருந்து பின்வரிசை நிழலில் இருக்கும் பாட்டிலைத்தான் எடுக்கிறேன்.

எந்தச் சூட்டில் பரிமாற வேண்டும்? சிவப்பு ஒயின் அறை வெப்பத்தில்தானே குடிக்க வேண்டும்?

'அறை வெப்பம்' என்று சொன்ன அறை, ஐரோப்பாவின் பழைய கல்வீட்டு அறை. அது 16, 17 டிகிரி இருந்திருக்கும். இன்றைய வீடு 22, நம் ஊர் வீடு 30. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயத்தைச் செய்துபார்ப்பீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்: இளம் கர்னாச்சாவை 14இலிருந்து 16 டிகிரிக்குக் குளிர்வித்து ஊற்றுங்கள்.

காரணம் ஆல்கஹால்தான். சூடு ஏற ஏற அதுதான் முதலில் ஆவியாகி மூக்கில் ஏறுகிறது. பழம் அதன் பின்னால் ஒளிந்துகொள்கிறது. 14.5 சதவீத ஒயினை 26 டிகிரியில் குடித்தால் தொண்டை எரியும், வாய் கனக்கும். அதே பாட்டில் 15 டிகிரியில் புதிதாகப் பறித்த பழம்போல் இருக்கும். அதற்காக ஒரேயடியாகக் குளிர வைத்துவிடவும் கூடாது. 8, 9 டிகிரியில் வாசம் அடங்கிப்போய்த் துவர்ப்பு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும்.

வீடு 22 டிகிரி என்றால் ஃபிரிட்ஜில் முக்கால் மணி நேரம். வீடு 30 டிகிரி என்றால் ஒன்றரை மணி நேரம். அவசரம் என்றால் பாதித் தண்ணீர், பாதி ஐஸ் நிரப்பிய வாளியில் 10, 15 நிமிடம். வெறும் ஐஸில் நட்டு வைப்பதைவிடத் தண்ணீர் கலந்த ஐஸ் வேகமாகக் குளிர்விக்கும், பாட்டிலைச் சுற்றி இடைவெளி இல்லாமல் தொடுவதால்.

சுவைப்பது எப்படி? படிப்படியாகச் சொல்லுங்கள்.

கோப்பையில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றுங்கள். மேலே காலியாக இருக்கும் இடம் வாசனைக்கானது. கோப்பையைத் தண்டில் பிடியுங்கள்; உள்ளங்கைச் சூடு ஒயினில் ஏறக் கூடாது.

ஒரு வெள்ளைத் தாளின் மேல் கோப்பையைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். இளம் கர்னாச்சா மாதுளைச் சாறு போல இருக்கும், ஓரத்தில் மெல்லிய ஊதா. தாளில் எழுத்து இருந்தால் ஒயின் வழியே கிட்டத்தட்டப் படிக்க முடியும். நிறம் வெளிறியிருப்பது குறை இல்லை, இந்தத் திராட்சையின் தோல் அப்படி. ஓரம் செங்கல் நிறத்துக்குத் திரும்பியிருந்தால் வயதாகிவிட்டது அல்லது காற்று பட்டுவிட்டது.

சுழற்றாமல் ஒருமுறை முகருங்கள். மேலாக மிதக்கும் லேசான வாசம் வரும்: ஸ்ட்ராபெர்ரி, சில சமயம் மிட்டாய். பிறகு கோப்பையை மேசையில் வைத்தபடியே மூன்று சுற்றுச் சுழற்றி உடனே முகருங்கள். இப்போது அடியில் இருந்தது எழும்பி வரும். பழம் கொஞ்சம் கனிந்ததாகத் தோன்றும், மிளகு வரும், சிலதில் ரோஸ்மேரி போன்ற ஒரு பச்சிலை வாசம் வரும். ஒரேயடியாக இழுத்து முகராமல், பூவை முகர்வதுபோல் சின்னச் சின்னதாக முகருங்கள். மூக்கு சீக்கிரம் பழகி மரத்துப்போகும்.

அப்புறம் ஒரு வாய். உடனே விழுங்கிவிடாமல் கன்னங்களுக்குள் உருட்டுங்கள். நாக்கின் ஓரத்தில் எச்சில் சுரக்கிறதா? அது புளிப்பு. ஈறும் உதட்டின் உட்புறமும் லேசாகச் சுருங்குகிறதா? அது துவர்ப்பு. விழுங்கியதும் தொண்டையில் சூடு தெரிகிறதா? அது ஆல்கஹால். இப்போது வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியாக மூச்சு விடுங்கள். பழ வாசம் தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறும். அது எத்தனை நொடி நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள். சாதாரண பாட்டிலில் நான்கைந்து நொடியில் மறைந்துவிடும். பழங்கொடியின் ஒயினில் பத்தைத் தாண்டியும் நிற்கும், கடைசியில் அதிமதுரம் மென்றதுபோல் ஒரு நிழல் மிஞ்சும்.

நாலைந்து பாட்டில்களை ஒரே நாளில் சுவைப்பதாக இருந்தால் துப்புங்கள். ஒயின் ஆலைகளிலும் சுவைப்போர் கூட்டங்களிலும் அதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

எனக்கு 'ஒயின் வாசம்' மட்டும்தான் தெரிகிறது. ஏன்?

பழக்கம் இல்லை, அவ்வளவுதான். அடுத்த முறை கோப்பையின் பக்கத்தில் நாலு சின்னக் கிண்ணங்கள் வையுங்கள்: நசுக்கிய ஸ்ட்ராபெர்ரி, இடித்த மிளகு, ஒரு துண்டு அதிமதுரம், கொஞ்சம் காய்ந்த மூலிகை இலை. ஒன்றை முகர்ந்துவிட்டு உடனே ஒயினை முகருங்கள். பெயர் தெரிந்த வாசனையை மூக்கு கூட்டத்திலும் கண்டுபிடித்துவிடும்.

சில வாசனைகள் சிலருக்கு வரவே வராது என்பதும் உண்மை. மிளகிலும் சில சிவப்பு ஒயின்களிலும் மிளகு வாசத்தைத் தருவது ரோட்டண்டோன் என்ற பொருள். ஆஸ்திரேலியாவில் நடந்த சோதனை ஒன்றில் கலந்துகொண்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அதை நுகரவே முடியவில்லை. எனவே பக்கத்தில் இருப்பவர் மிளகு என்று சொல்லி உங்களுக்கு வரவில்லை என்றால் தலையாட்ட வேண்டாம். உங்களுக்கு வந்ததைச் சொல்லுங்கள்.

துவர்ப்பு என்று சொல்கிறீர்களே, அது நல்லதா கெட்டதா?

அறுசுவையில் துவர்ப்பைத் தனிச் சுவையாகவே எண்ணி வைத்திருக்கும் மொழி நம்முடையது. பாக்கு மென்றபோதும், வாழைப்பூ வாயில் பட்டபோதும், பால் விடாத கெட்டியான தேநீரிலும் தெரிவது இதுதான். ஒயினில் இது திராட்சையின் தோலிலும் விதையிலும் இருந்தும், பீப்பாய் மரத்திலிருந்தும் வருகிறது. எச்சிலில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் வாய் வழவழப்பை இழந்து காய்ந்ததுபோல் ஆகிறது.

அளவோடு இருந்தால் நல்லது. கொழுப்பும் புரதமும் உள்ள கறியை மென்ற வாயை அது துடைத்துக் கொடுக்கும். கர்னாச்சாவில் இது மென்மையாகத்தான் இருக்கும். சிவப்பு ஒயின் வாயைப் பிடித்து இழுக்கிறது என்று விலகி நின்றவர்களுக்கு நான் முதலில் ஊற்றுவது இதைத்தான்.

கோப்பையின் உட்புறம் கோடுகோடாக வழிகிறதே, அது தரத்தின் அடையாளமா?

இல்லை. ஸ்பெயினில் அதை 'லாக்ரிமா', கண்ணீர் என்பார்கள். ஆல்கஹால் தண்ணீரைவிட வேகமாக ஆவியாவதால் ஓரத்தில் பரப்பு இழுவிசை மாறுகிறது. அந்த வேறுபாடு ஒயினை மேலே இழுத்துத் துளியாக வழிய விடுகிறது. கர்னாச்சாவில் ஆல்கஹால் அதிகம், அதனால் கண்ணீரும் அதிகம்.

பாட்டில் கெட்டுப்போயிருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மூன்று வாசனைகளைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நனைந்த அட்டைப்பெட்டி, ஈரமான நிலவறை வாசம் வந்து பழமே இல்லை என்றால் தக்கையில் கோளாறு. காடி வாசம் மூக்கைக் குத்தினால் ஒயின் புளித்துக் காடியாகத் தொடங்கிவிட்டது. நறுக்கி வைத்துக் கறுத்துப்போன ஆப்பிள் வாசம் வந்தால் காற்று புகுந்துவிட்டது. தக்கைக் கோளாறு உள்ள பாட்டிலை நல்ல கடைகள் மாற்றிக் கொடுக்கும்; ஊற்றிவிட்டு வராமல் அப்படியே கொண்டுபோங்கள். அடியில் படிந்த பொடியும் தக்கையில் ஒட்டிய சின்னப் படிகங்களும் கெடுதல் இல்லை.

சரி, என்ன சாப்பாட்டோடு குடிப்பது?

ஒயின் எந்த மண்ணில் விளைகிறதோ அந்த மண்ணின் அடுப்பைப் பாருங்கள், பாதி வேலை முடிந்தது. அரகோனில் ஆட்டுக்குட்டிதான் ராஜா. 'தெர்னாஸ்கோ தே அரகோன்' என்ற பெயரில் ஐரோப்பியப் பாதுகாப்புப் பெற்ற இளம் ஆட்டிறைச்சி அது, மூன்று மாத வயதைத் தாண்டாத குட்டி. உருளைக்கிழங்கு, பூண்டு, கொஞ்சம் மூலிகை, பன்றிக்கொழுப்போ ஆலிவ் எண்ணெயோ, அவ்வளவுதான். அடுப்பில் மெதுவாக வெந்து மேல்தோல் மொறுமொறுப்பாகும். அதன் மென்மையான கொழுப்புக்குக் கனத்த, துவர்ப்பு மிகுந்த ஒயின் தேவையில்லை. கர்னாச்சாவின் பழமும் அந்த லேசான பச்சிலை வாசமும் கறியில் இருக்கும் ரோஸ்மேரியோடு கைகோத்துக்கொள்ளும்.

எனக்கு அதைவிடவும் பிடித்த ஜோடி 'சிலின்ரோன்'. அரகோனிலும் பக்கத்து நவார்ராவிலும் வீட்டுக்கு வீடு செய்யும் குழம்பு. கோழித் துண்டுகளை ஆலிவ் எண்ணெயில் பொன்னிறமாக வறுத்து எடுத்து வைத்துவிட்டு, அதே எண்ணெயில் வெங்காயம், பூண்டு, கீற்றாக அரிந்த சிவப்புக் குடைமிளகாய் போட்டு வதக்குவார்கள். அவசரப்படக் கூடாது. குடைமிளகாய் விறைப்பை இழந்து, ஓரம் சுருண்டு, கரண்டியால் அழுத்தினால் நசுங்கும் பதம் வரவேண்டும். பிறகு உப்புப் போட்டு உலர்த்திய பன்றித் தொடைக்கறியைப் பொடியாக நறுக்கிப் போட்டு, தக்காளி சேர்த்து, எண்ணெய் பிரிந்து ஓரத்தில் சிவப்பாகத் தேங்கியதும் கோழியைத் திரும்பப் போட்டு மூடி வைப்பார்கள். வெந்த குடைமிளகாயின் இனிப்பு, தக்காளியின் புளிப்பு, தொடைக்கறியின் உப்பு மூன்றும் சேர்ந்த அந்தக் குழம்பை ரொட்டியில் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு ஒரு வாய் குளிர்ந்த கர்னாச்சா குடித்துப் பாருங்கள். அதுவரை 'ஸ்ட்ராபெர்ரி' என்று தெரிந்த வாசம் திடீரென்று குடைமிளகாயின் இனிப்போடு ஒட்டிக்கொண்டு இரண்டு மடங்காகும். சாப்பாட்டோடு சேர்ப்பது என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் காட்டுவது இந்த ஒரு வாயைத்தான்.

சின்னத் தட்டுகளில் தெருவேல் ஊரின் உலர் தொடைக்கறி, புகையூட்டிய மிளகாய்த்தூளான பிமென்தோன் போட்ட சோரிஸோ, 'மீகாஸ்' எனப்படும் வறுத்த ரொட்டித்தூள் எல்லாமே நல்ல துணை. மீகாஸைப் பூண்டும் கொழுப்பும் போட்டு வறுத்து, மேலே பச்சைத் திராட்சையைத் தூவிக் கொடுப்பார்கள். உப்பும் கொழுப்பும் திராட்சையும் ஒரே கரண்டியில் வரும். பக்கத்தில் திராட்சையின் ஒயின்.

நாங்கள் சைவம். எங்களுக்கு?

ஸ்பெயினில் சைவத்துக்கும் இந்த ஒயினுக்கும் நல்ல பொருத்தம் உண்டு. நெருப்பில் சுட்டுத் தோலுரித்த கத்தரிக்காயும் குடைமிளகாயும் ஆலிவ் எண்ணெயில் ஊறிய 'எஸ்கலிவாதா', சுட்ட பிக்கியோ மிளகாய், காளான் வறுவல், சீரகமும் பிமென்தோனும் போட்ட கொண்டைக்கடலை-பசலைக் குழம்பு. சுட்ட வாசம்தான் கறியின் இடத்தை நிரப்புகிறது.

ஒயினே சைவமா என்றும் பாருங்கள். கலங்கலைத் தெளிய வைக்கச் சில ஆலைகள் முட்டை வெள்ளைக்கருவோ ஜெலட்டினோ பயன்படுத்துகின்றன. சில ஆலைகள் களிமண் வகையான பென்டோனைட்டைப் பயன்படுத்துகின்றன. 'வீகன்' என்று லேபிளில் இருந்தால் கவலை இல்லை.

மீனோடு குடிக்கலாமா?

மத்தி, கானாங்கெளுத்தி போன்ற எண்ணெய் மீன்களோடு வேண்டாம். விழுங்கியபின் கவிச்சி வாசம் வாயில் நிற்கும். 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதற்குக் காரணம் ஒயினில் உள்ள இரும்புச்சத்து என்று காட்டினார்கள். அது மீன் எண்ணெயோடு சேரும்போதுதான் அந்த வாசம் எழுகிறது. தக்காளியும் குடைமிளகாயும் போட்டுச் சமைத்த சூரையோடு, நன்கு குளிர்வித்த ஹோவென் ஓரளவு ஒத்துப்போகும்.

நம் வீட்டுக் காரக் குழம்போடு?

நேராகச் சொல்கிறேன்: மிளகாய் தூக்கலான சாப்பாட்டோடு 15 சதவீத ஆல்கஹால் ஒயின் சரிவராது. மிளகாயின் கேப்சைசின் தூண்டும் அதே சூட்டு உணர்வியை ஆல்கஹாலும் தூண்டுகிறது. ஒன்று மற்றதை எரிய விடும். பழம் காணாமல் போகும். புளிக்குழம்பும் சிக்கல்தான். சாப்பாடு ஒயினைவிடப் புளித்தால் ஒயின் சப்பென்று ஆகிவிடும்.

காரம் அடக்கி, சோம்பும் மிளகும் கொஞ்சமாகப் போட்டு, சின்ன வெங்காயத்தோடு வதக்கிய ஆட்டுக்கறி நன்றாகப் பொருந்துகிறது. ஒயினில் உள்ள அதிமதுரச் சாயலுக்கும் சோம்புக்கும் உறவு உண்டு.

எந்தச் சீஸ்?

மாஞ்சேகோ, ஆறு மாதத்துக்கு மேல் முதிர்ந்தது. நீலப் பூஞ்சைச் சீஸ் வேண்டாம், அது ஒயினை அடித்துப் போட்டுவிடும்.

டெம்ப்ரானில்லோவுக்கும் கர்னாச்சாவுக்கும் என்ன வித்தியாசம்?

டெம்ப்ரானில்லோ என்ற பெயரே 'சீக்கிரம்' என்ற சொல்லிலிருந்து வந்தது, முன்கூட்டியே பழுக்கும். துவர்ப்பும் கட்டுக்கோப்பும் அதிகம், பீப்பாயை நன்றாகத் தாங்கும். கர்னாச்சா தாமதமாகப் பழுக்கும், மென்மையானது, பழம் வெளிப்படையானது. ரியோகாவில் இரண்டையும் கலந்து செய்வது பழைய வழக்கம்: ஒன்று எலும்பு, மற்றது சதை.

பாட்டிலை வருடக்கணக்கில் பாதுகாத்து வைக்கலாமா?

ஹோவென் என்றால் வேண்டாம். அதன் பழ வாசம்தான் அதன் சொத்து, அது முதலில் கரையும். பழங்கொடியின் கனத்த ஒயின்கள் சில, ஐந்து எட்டு வருடம் அழகாக நிற்கும்.

ஒருவர் எவ்வளவு குடிக்கலாம்?

750 மில்லி பாட்டிலில் 150 மில்லி வீதம் ஐந்து கோப்பை. 14.5 சதவீதம் என்றால் ஒரு கோப்பையிலேயே சுமார் 17 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. மென்மையாக இறங்குவதால் இது மறந்துபோகும், அதனால்தான் சொல்கிறேன். பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்பது உலகச் சுகாதார அமைப்பின் நிலைப்பாடு. கர்ப்பமாக இருப்பவர்களும் வண்டி ஓட்டப்போகிறவர்களும் தொடவே கூடாது. குடிக்காதவர் யாரையும் இந்தப் பக்கத்தைக் காட்டி வற்புறுத்தாதீர்கள்.

மீந்த ஒயினை என்ன செய்வது?

தக்கையைத் திருப்பி அழுத்தி ஃபிரிட்ஜில் வையுங்கள். கர்னாச்சா இரண்டு நாள் தாங்கும், மூன்றாம் நாள் பழம் மங்கும். அதற்கும் அரகோனில் வழி வைத்திருக்கிறார்கள்: 'மெலோகொத்தோன் கொன் வினோ', ஒயினில் ஊறிய பீச் பழம். கலந்தா ஊரின் மஞ்சள் பீச் அங்கே பெயர்பெற்றது. பழத்தைத் தோல் சீவித் துண்டாக்கி, சர்க்கரையும் ஒரு துண்டுப் பட்டையும் போட்டு, மூழ்கும் அளவு ஒயின் ஊற்றி ஓர் இரவு ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். காலையில் துண்டுகளின் வெளிப்புறம் ரோஜா நிறத்துக்கு மாறியிருக்கும், வெட்டினால் நடு மட்டும் இன்னும் மஞ்சளாக இருக்கும்.